மேசையில் ஒரு விரற்கடை

உப்புக் குப்பியை அவன் அவள் கையில் கொடுக்கவில்லை. மேசை விரிப்பின் மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான் அவள் எடுத்தாள்.

ஒன்பது மாதமாக இப்படித்தான். பழைய வழக்கம் மாறாத அமிஷ் கிறிஸ்தவ சபை அவனைத் தள்ளி வைத்திருந்தது. தள்ளி வைக்கப்பட்டவன் கையிலிருந்து சபையார் எதையும் வாங்கக் கூடாது. அவனோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. கட்டிய பெண்டாட்டியும் சபையார்தான்.

மேசை அவனே கல்யாணத்துக்குச் செய்தது. தடை விழுந்த அன்று அவனே அதை ரம்பத்தால் குறுக்கே அறுத்தான். அறுபட்ட பக்கங்களுக்கு இரண்டிரண்டு கால் வைத்தான். நடுவில் ஒரு விரற்கடை விட்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே விரிப்பைப் போட்டான்.

பார்வையிட வந்த மூப்பர் விரிப்பைத் தூக்கி, இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் போயிற்று. மனிதருக்குப் பரம திருப்தி. அவள் பக்கத்து மேசையில் உட்கார்ந்து இரண்டு துண்டு ஆப்பிள் பை சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மகள் லவீனாவுக்கு ஆறு வயது. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்குத் தடை ஏதும் கிடையாது. இடுக்குக்கு நேராக நாற்காலியைப் போட்டுக்கொள்வாள். ஒரு முழங்கை அப்பா மேசையில், ஒரு முழங்கை அம்மா மேசையில்.

அவன் செய்த குற்றம், டவுன் போலீசுக்கு ஒரு கடிதம் எழுதியது.

அதை அவன் எழுதவில்லை. அவள் எழுதினாள்.

அவள் தங்கை ஓர்பா நிலவறைப் படியில் தவறி விழுந்து செத்துப்போனதாக ஓர்பாவின் புருஷன் சொன்னான். உடலைக் குளிப்பாட்டியவள் அக்காவான இவள்தான். கழுத்துப் பட்டியைக் கழற்றியபோது பார்த்தாள். விரல் விரலாகப் பதிந்திருந்தது.

அவள் சபையில் சொன்னாள். அந்த ஆள் மண்டியிட்டு அழுதான். சபை மன்னித்தது. மன்னித்ததை மறுபடி பேசக் கூடாது. வெளியார் சட்டத்திடம் கொண்டுபோகவே கூடாது. அடுத்த ஞாயிறு அவன் எல்லோரோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து ரொட்டி தின்றான்.

அவள் தன் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். வீட்டுக்கு வந்து எழுதினாள்.

போலீஸ் ஓர்பாவின் புருஷனைக் கொண்டுபோனது. எழுதியது யார் என்று தலைமைப் போதகர் யோஸ்ட் சபையில் கேட்டார். அவள் எழுவதற்குள் ஆண்கள் பக்கத்தில் இவன் எழுந்துவிட்டான். தங்கைக்குப் பெட்டி செய்த தச்சன் இவன்தான். பெட்டிக்குள் தூக்கி வைத்தவனும் இவன்தான். இவனும் கழுத்தைப் பார்த்திருப்பான் என்று எல்லோரும் நம்பினார்கள்.

வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்று சொன்னான்.

"உனக்கு அம்மா இருக்காங்க. எனக்கு யாரு?"

அவளும் வாயை மூடிக்கொண்டாள். ஒரு மகளை மண்ணில் வைத்த அம்மாவுக்கு இன்னொரு மகளையும் இல்லாமல் ஆக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இன்று காலை, உப்பை எடுத்தவளை லவீனா கேட்டாள்.

"அம்மா, நான் பெரியவளானா ஞானஸ்நானம் வாங்கணுமா?"

"ஆமாம்."

"அப்போ அப்பா கையிலேர்ந்து யாரு வாங்குவா?"

அவன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் உப்பைப் போடாமலே குப்பியைக் கீழே வைத்தாள்.

பதினோரு மணிக்கு ஒரு விவசாயியின் கொட்டகையில் சபை கூடியது. பிரசங்கம் முடிந்ததும் தள்ளி வைக்கப்பட்டவர்கள் வெளியேற வேண்டும். அவன் லவீனாவை அழைத்துக்கொண்டு போய்விட்டான்.

அவள் எழுந்தாள்.

"கடிதம் எழுதினது நான். அவர் இல்ல."

யோஸ்ட் அவளையே பார்த்தார். "அதுக்காக வருந்துறியாம்மா?"

"இல்லைங்க."

அவளுக்குத் தடை நிச்சயம். அதற்கு அவள் பயப்படவில்லை. உண்மை தெரிந்ததும் அவனை விட்டுவிடுவார்களோ என்றுதான் பயந்தாள். அவன் உள்ளே, அவள் வெளியே. மறுபடியும் அதே விரற்கடை.

யோஸ்ட் சபையார் பக்கம் திரும்பினார்.

"சபை முன்னால பொய் சொன்னதும் பாவந்தான். அவன் தடை அப்படியே இருக்கட்டும். இவளுக்கும் இன்னைக்கிலேர்ந்து தடை."

அந்தக் கொட்டகையில் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவள் அவள் ஒருத்திதான். முகத்தைக் காட்டாமல் தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், வெட்கப்படுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

தன் அம்மாவைத் தாண்டித்தான் அவள் வெளியே போக வேண்டும். இனி அவள் கொடுக்கும் எதையும் அம்மா வாங்க முடியாது. அம்மா எழுந்து அவள் தொப்பி நாடாவை அவிழ்த்தாள். இறுக்கமாகத் திரும்பக் கட்டிவிட்டாள்.

கொடுப்பதற்குத் தடை இல்லை.

அவள் வீடு வந்தபோது அவன் லாயத்தில் குதிரைக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தான். அவள் நேராக அடுக்களைக்குப் போனாள். தன் பக்கத்து மேசையை இடுப்பால் தள்ளினாள். முட்டிக்கொண்டு நின்றது. ரம்பம் தின்ற மரம் போனதுதான். ரேகைகள் பழையபடி சேரவில்லை. பரவாயில்லை. மேலே விரிப்பைப் போட்டுச் சூப்பை ஊற்றினாள்.

அவன் கை கழுவிக்கொண்டு வந்தான். உட்கார்ந்தான். வழக்கமாக நடுவில் லேசாகத் தொய்ந்திருக்கும் விரிப்பு இன்று தட்டையாக இருந்தது. அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"உப்பு," என்றாள் அவள்.

ஒன்பது மாதப் பழக்கம். குப்பியை எடுத்து விரிப்பின் மேல் வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான்.

லவீனா மெல்லுவதை நிறுத்தினாள்.

அவள் குப்பியை எடுக்கவில்லை. உள்ளங்கையை விரித்து மேசைக்கு நடுவே நீட்டினாள். எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும் என்று, நீட்டியபடியே இருந்தாள்.