கிழக்குப் பக்கம் சுவர்

"அந்தப் பக்கம் ஜன்னலே வேணாம் மிஸ். சுவரு வெச்சிடுங்க," என்றான் பிரதாப்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் பாழடைந்து கிடந்த பழைய ஐஸ் ஷெட்டைப் பிள்ளைகளுக்கான நூலகமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். படிக்கப்போவது அவர்கள், எது எங்கே இருக்க வேண்டும் என்று அவர்களே சொல்லட்டும் என்று மேலிடத்து உத்தரவு.

நூலகர் அம்பிகா பத்தாவது, பதினொன்றாவது பிள்ளைகளைக் கூட்டி வைத்து, தரையில் சாக்பீஸால் ஹாலை வரைந்திருந்தாள். ஆரம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். குப்பத்துக்குப் புதுசு.

பெஞ்சுக்குப் பதிலாகப் பாய், எட்டுகிற உயரத்தில் அலமாரி, போன் சார்ஜ் போட ஒரு மூலை எல்லாம் சண்டையில்லாமல் முடிந்துவிட்டது. கிழக்குப் பக்கம் வந்ததும்தான் தகராறு.

"கடல் தெரியற மாதிரி பெரிய ஜன்னல் மிஸ். காத்து எப்படி வரும் தெரியுமா!" என்றாள் வளர்மதி.

"காத்து வேணும்னா ஃபேன் போட்டுக்க," என்றான் பிரதாப்.

"கரண்ட் போனா?"

"வேர்த்துனு படி."

"ரோஸ்மேரி, நீ இன்னா சொல்றே?" என்று கேட்டாள் அம்பிகா.

வளர்மதி பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோஸ்மேரி பதில் சொல்லவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான்.

"ஜன்னல் ஏன் வேணாம்? காரணத்தைச் சொல்லு பிரதாப்."

"கருவாட்டு நாத்தம் அடிக்கும் மிஸ்."

"உனக்கா நாத்தம்?" பரத் சிரித்துவிட்டான். "மிஸ், விஷயம் இன்னான்னா, ஜன்னல் இருந்தா இவன் உள்ள குந்தினு இருக்கறது கரையிலேர்ந்து தெரியும். போட்டை கடல்ல தள்ளறதுக்கு இவங்க நைனா கூப்புடுவாரு. அதான் ஒளிஞ்சிக்கப் பார்க்கறான்."

எல்லாரும் சிரித்தார்கள். பிரதாப் முகம் சுண்டிப்போனது.

"அப்படியா பிரதாப்?"

அவன் ஒரு கணம் தயங்கினான். "ஆமா மிஸ். அதுக்குத்தான்."

அம்பிகாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உன் ஒருத்தன் சோம்பேறித்தனத்துக்கு இத்தனை பேரு புழுங்கணுமா?"

ஜன்னல் வேண்டும் என்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னாள். பிரதாப்பைத் தவிர எல்லாரும் தூக்கினார்கள். ரோஸ்மேரி கூட.

பிரதாப் எழுந்து வெளியே போய்விட்டான்.

சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும் வழியில் அவன் அப்பா தேவதாஸைப் பார்த்து, அம்பிகா மனசு ஆறாமல் சொல்லியும் விட்டாள். அவர் பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த மகனை அத்தனை பேர் எதிரில் ஓங்கி அறைந்தார்.

"போட்டைத் தள்ள வலிக்குதாடா உனக்கு? ஒளியறதுக்கு லைப்ரரி கேக்குதா?"

பிரதாப் குனிந்து மறுபடி வலையை எடுத்துக்கொண்டான். தானே தேடிக்கொண்டது என்று நினைத்தபடி அம்பிகா நடந்தாள்.

சுவரை இடித்து ஜன்னலுக்கு வழி விட்டாயிற்று. சட்டம் இன்னும் பொருத்தவில்லை. அதற்குள்ளேயே பிள்ளைகள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒருநாள் அம்பிகா உள்ளே நுழையும்போது, கொத்தனார் செங்கல்வராயனிடம் பிரதாப் கெஞ்சிக்கொண்டிருந்தான். "அண்ணே, கொஞ்சம் மேல தூக்கியாவது வைங்கண்ணே. பாயில உட்கார்ந்தா வெளிய தெரியாத மாதிரி."

அம்பிகா அவனை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "அடி வாங்கியும் உனக்குப் புத்தி வரலையா? அங்க பாரு. ஜன்னல் வந்ததுலேர்ந்து ரோஸ்மேரிதான் தினம் முதல் ஆளா வரா. அந்தப் பொண்ணுக்கு எவ்ளோ பிடிச்சிருக்கு! இதையா வேணாம்னே?"

"அவ மடியில இருக்கற புக்கைப் பாருங்க மிஸ்."

அம்பிகா பார்த்தாள். முதல் பக்கம். நேற்றும் அதே பக்கம்தான். ரோஸ்மேரியின் கண்கள் கரைக்குத் திரும்பும் படகுகளை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தன.

பிரதாப் குரலைத் தாழ்த்தினான். "போன மழைல முகத்துவாரத்துல ஒரு போட்டு கவுந்துச்சு மிஸ். அவங்க நைனா அதுலதான் போனாரு. பாடி கெடைக்கல. அன்னியிலேர்ந்து இவ கரையிலயே உட்கார்ந்து, வர்ற போட்டையெல்லாம் பார்த்துனே இருப்பா. பரீட்சைக்குக் கூடப் போகல. எங்க வூட்டுக்கு அடுத்த வூடு மிஸ், தினம் பார்க்கறேன். சுவரு இருந்தா, இங்க வந்தாவது கொஞ்ச நேரம் கடலைப் பார்க்காம படிப்பானு நெனச்சேன்."

அம்பிகா அவன் பக்கம் திரும்பினாள்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடா. ஏன் அத்தனை பேர் எதிர்ல அடி வாங்கினே?"

"'ஆந்திரா பக்கம் கரை ஏறியிருப்பாரு, வந்துடுவாரு'னுதான் மிஸ் குப்பமே அவகிட்ட சொல்லினு இருக்கு. அவங்க நைனா இனிமே வரமாட்டாருனு, அவ எதிர்ல நான் எப்படி மிஸ் சொல்றது?"