நய்ராவின் தொப்பி

"இதயத்த நிறுத்தி வச்சப்போ பயந்து வெளிய போயிருச்சு குழந்தையோட உசிரு, டாக்டர். அவ தொப்பிய ஆட்டிப் பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் உள்ள வரும்," என்று ஆபரேஷன் அன்றே நர்ஸ் செனோபியா சொன்னாள். "லிஃப்ட்ல ஏறி வரச் சொல்லுங்க சிஸ்டர்," என்று சிரித்தார் டாக்டர் ஃபெர்மின். இன்று மூன்றாம் நாள். மலை நகரமான லா பாஸின் மதிய வெயில் நான்கு வயது நய்ராவின் கட்டிலில் வெள்ளையாகக் கிடக்கிறது. அவர் தைத்த இதயம் திரையில் பிசகாமல் துடிக்கிறது; மயக்க மருந்தை நிறுத்திய பிறகும் அவள் கண் திறக்கவில்லை. ஆள் வந்தால் மட்டும் திறக்கும் கண்ணாடிக் கதவு திறக்கிறது. வெளியே யாரும் இல்லை. மூடிக்கொள்கிறது. மறுபடியும் திறக்கிறது. செனோபியாவின் மடியிலிருக்கும் சிவப்புக் கம்பளித் தொப்பியில் குஞ்சம் மட்டும் மெல்ல அசைகிறது. இரண்டு நாளாகச் சொல்லத் தயங்கியதை ஃபெர்மின் சொல்லிவிடுகிறார்: "கதவு மூடறதுக்குள்ள கூப்பிடுங்க, சிஸ்டர்."