கடைசி வரிசை

சிட்லபாக்கத்தில் சர்ச் பெண்களும் காலனி சங்கத்தாரும் சேர்ந்து வருடா வருடம் கண் முகாம் நடத்துவார்கள். ஏரிக்கரைக் குடிசைகளிலிருந்து வயசானவர்களை அழைத்து வருவது அருள்மேரியின் வேலை. பத்து வருடமாக அவளுக்கு டிமிக்கி கொடுத்த கோதண்டம், 1995-இல்தான் வந்து உட்கார்ந்தார்.

"ஆபரேசன் கீபரேசன்னா எழுந்து போய்க்கினே இருப்பேன், மேரிம்மா."

"முதல்ல படிங்க" என்று அருள்மேரி, சுவரிலிருந்த எழுத்துப் பலகையில் குச்சியை வைத்தாள்.

"ட, ப, ம..."

வரிசை இறங்க இறங்க எழுத்து சிறுத்தது. அவர் குரல் தடுமாறவேயில்லை.

"பெரியவருக்குப் பார்வை பிரமாதம்" என்று டாக்டரம்மா அட்டையில் எழுதப் போனார்.

அருள்மேரியின் குச்சி நின்றுவிட்டது. கோதண்டம் இன்னும் படித்துக்கொண்டிருந்தார்.

"எழுதாதீங்க டாக்டர். இப்ப அவர் படிக்கிற வரிசை போன மழையிலயே தண்ணி ஒழுகி அழிஞ்சுபோச்சு."

முதல் முகாமன்று இதே அறையில் அடித்த பெயின்ட் வாசனை அவளுக்கு நினைவு வந்தது. அச்சடித்த எழுத்துப் பலகை வாங்க வழியில்லாமல் எல்லோரும் விழித்தபோது, பெயின்ட் டப்பாவோடு சைக்கிளில் வந்து, ஒரு டீ மட்டும் குடித்துவிட்டு ஒரு வெற்றுப் பலகையில் அத்தனை வரிசையும் எழுதிக் கொடுத்தவர் இந்தக் கோதண்டம்தான்.

அவர் பலகை இருந்த திசையில் முகத்தைத் திருப்பினார்.

"அழிஞ்சி பூட்ச்சா? அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வந்து எழுதிக் குட்த்திருப்பேனே, மேரிம்மா."