வெட்டுப்பட்ட வரி

"ஆகஸ்ட் இருபது, 1957. இன்று ஒரு சிறு தவறு. கடைசிப் பாடத்தில் நன்றாக வந்திருந்த ஒரு வரியை வெட்டிவிட்டேன்."

ஒலிப்பதிவுக் கருவியில் அன்றைய நாட்குறிப்பைப் பேசி முடித்தான் சாமிநாதன். பார்வையில்லாத அவனுக்கு அதுதான் நோட்டுப் புத்தகம்.

"மறுபடியுமா?" வாசலில் தெய்வானையின் குரல். பக்கத்து வீட்டுப் பெண். அவனுடைய மாலை வகுப்புப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பவள். "நேத்தும் இப்படித்தான் ஒரு வரியைக் காவு கொடுத்தீங்க."

"விரல் சறுக்கிருச்சு. இன்னும் சரியாப் பழகலை."

"வெட்டுறப்போ கை நடுங்கவே இல்லையே, வாசல்ல நின்னு பார்த்தேனே!"

அடுப்படியில் அவன் அக்கா அன்னம் சிரித்தாள்.

சாமிநாதன் பாடம் பதிவான ஒலிநாடாவை விரல்களுக்கிடையே மெல்ல ஓடவிட்டான். வெட்டிய இடத்தில் அவன் வைத்திருந்த மெழுகுப் பொட்டு தட்டுப்பட்டது. "இங்கேதான். நீங்க வாசிச்சா, இதுல ஒட்டிடுவேன்."

"இதோட எல்லாப் பாடமும் முடிஞ்சிரும். பதிவு முடியிற வரைக்கும்தான் அம்மா என்னை இங்க விடுவாங்க."

"தெரியும்," என்றான்.

அவள் வாசித்தாள். "காற்று திரும்பும் வரை கப்பல்கள் மலாக்காவில்..."

அவனுக்கு அறைக்குள்ளேயே பாய்மரங்கள் அசைந்தன. மலாக்காவின் உஜோங் பாசிர் கடல் கட்டில் கால்வரை வந்து நனைத்துத் திரும்பியது. அந்த வாக்கியம் முடியாமலே நீண்டால் நன்றாயிருக்கும் என்றிருந்தது.

"...கா... காத்து..." தடுமாறி நிறுத்தினாள். "சே! வெளியே சுத்தியல் சத்தம். பதிவு கெட்டுப்போச்சு."

வீட்டு முன் காஜா பெராங் சாலையில் சுதந்திர தின வளைவு கட்டுகிறவர்கள் தேநீர் குடிக்கப் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

"அப்போ நாளைக்கும் வரணுமே," என்றான் அவன், மிகுந்த கவலையோடு.

"வந்துதானே ஆகணும்," என்றாள் அவள், அதைவிடக் கவலையோடு.

அப்போது உள்ளே நுழைந்த வகுப்புத் தோழன் யூசுப், புத்தகத்தையும் நாடாவையும் பார்த்துத் தலையில் கைவைத்தான்.

"என்னடா இது? பரீட்சை முடிஞ்சு பத்து நாளாச்சு! தெய்வானை, இவன் சொல்லச் சொல்ல விடை எழுதினதே நீதான்லா! இன்னும் எதுக்கு இந்தப் பாடம்?"

நாடாச் சக்கரம் மட்டும் சுற்றியது.

"நாளைக்கு," என்றாள் தெய்வானை, "முதல் பாடத்திலிருந்து திரும்ப வாசிக்கணும்."