எண்பத்தேழாம் பக்கத்தின் பின்புறம்

தலைமையாசிரியை அறையிலிருந்த இரும்பு பீரோவுக்குத் தன் கண்டிப்பைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. பிள்ளைகளிடம் பிடுங்கிய செல்போன், லிப்ஸ்டிக், பம்பரம் எதையும் அது லேசில் வெளியே விடாது. சாவி போட்டாலும் கீழே இரண்டு உதை விட்டால்தான் திறக்கும்.

ஒருநாள் அதற்குள் பள்ளி நூலகத்து நாவல் ஒன்று வந்து விழுந்தது.

"நீ என்ன தப்புப் பண்ணினே?" என்று பீரோ அதட்டியது.

"என் எண்பத்தேழாம் பக்கத்துல ஒரு பொண்ணு, மாமா தன்கிட்ட தப்பா நடந்துக்கிட்டதை அம்மாகிட்ட சொல்றா அண்ணே. அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து, பெற்றோர் கூட்டத்துல எல்லாரும் படிச்சாங்க. பிள்ளைங்க கெட்டுப்போயிடுவாங்களாம்."

"நியாயம்தானே?"

"தாளைத் திருப்பியிருந்தா அம்மா என்ன சொன்னாங்கன்னு தெரிஞ்சிருக்கும். யாருமே திருப்பலை."

"அதெல்லாம் எனக்கெதுக்கு" என்று பீரோ வாயை மூடிக்கொண்டது.

மறுநாள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அறை வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், அந்தக் கதையை எண்பத்தேழாம் பக்கம் வரைக்கும் படிச்சிருந்தேன். அவ சொன்னதை அவங்கம்மா நம்பினாங்களா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

துப்பட்டா நுனியை அவள் முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

தலைமையாசிரியைக்கும் அது தெரியாது. அவரும் ஜெராக்ஸைத்தான் படித்திருந்தார். முறுக்கிக் கசங்கிய துப்பட்டாவைப் பார்த்தவர், எழுந்து பீரோ சாவியை எடுத்தார்.

சாவி பாதி திரும்புவதற்குள், ஓர் உதைகூட வாங்காமல், பீரோ கதவைத் திறந்துவிட்டது.