சுமலதாவின் சர்க்கரை

“துளி ரத்தம் குடுத்தா உசிரா போயிடும்? கைய நீட்டுங்க,” என்று தெய்வம்மா புருஷனை அதட்டினாள்.

இருளப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். “எனக்கு எதுக்கு டெஸ்ட்டு? நோவு புள்ளைக்குத்தானே?”

குன்னூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பியாட்ரிஸ் பொறுமையாக மறுபடியும் சொன்னார்.

“சுமலதாவுக்கு வந்திருக்கிறது வழக்கமான சர்க்கரை நோய் மாதிரி தெரியலைங்க. உடம்புல ஜீன்களை வேலை வாங்கறதுக்குன்னே சில புரதங்கள் இருக்கு. எஸ்டேட்ல மேஸ்திரி சொன்னாத்தானே கொழுந்து எடுக்க இறங்குவீங்க? அது மாதிரி. அந்தப் புரதத்துல ஒண்ணு பழுதானா இன்சுலின் சரியாச் சுரக்காது. அனேகமா அப்பா, அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட இருந்துதான் வரும். அதுதான்னு தெரிஞ்சா ஊசியை நிறுத்திட்டு மாத்திரையே குடுக்கலாம்.”

பிளஸ் ஒன் படிக்கும் சுமலதா சட்டென்று நிமிர்ந்தாள். தேயிலை விலை விழுந்ததிலிருந்து எஸ்டேட்டில் பாதி நாள் வேலையில்லை. ஊசி மருந்து வாங்க முடியாத வாரங்களில் அவள் பள்ளிக்கூடம் போகாமல் சுருண்டு கிடந்தாள்.

தெய்வம்மா முந்திக்கொண்டு கையை நீட்டினாள். “முதல்ல எனக்கு எடுங்கம்மா. எங்கிட்ட ஒண்ணும் இருக்காது.”

இருளப்பன் வாசலைப் பார்த்தான்.

“அப்பா, எனக்காகப்பா,” என்றாள் சுமலதா.

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையைக் கொடுத்தான்.

அடுத்த மாதம் டாக்டர் சிரித்த முகத்தோடு வரவேற்றார். “நல்ல சேதி. சுமலதா, உனக்கு இனிமே மாத்திரையே போதும். தெய்வம்மா, நீங்க சொன்ன மாதிரி உங்ககிட்ட ஒண்ணுமில்லை. அப்பாவுக்கும் மகளுக்கும் அச்சு அசலா ஒரே பழுது. இவர்கிட்ட இருந்துதான் வந்திருக்கு, சந்தேகமே இல்லை. இவருக்கும் சர்க்கரை இருக்கு. மாத்திரை எழுதியிருக்கேன்.”

சுமலதா அப்பாவின் தோளில் முகம் புதைத்து அழுதாள். இருளப்பன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நேரத்துக்கு முழுங்க வைக்கிறேங்கம்மா,” என்று தெய்வம்மா சீட்டை வாங்கி மகளிடம் கொடுத்தாள். “போய் மருந்து வாங்கிட்டு வா, கண்ணு.”

மகளின் தலை மருந்துக் கடைக் கூட்டத்தில் மறையும்வரை வராந்தாவில் நின்று பார்த்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

“மண்சரிவுல அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் செத்துப்போன அநாதைப் புள்ளைன்னு சொல்லித்தானே இவளை என் மடியில கொண்டாந்து போட்டீங்க? ஆத்தாக்காரியாவது நெசமாச் செத்தாளா?”