தளத்தில் ஒரு கோடு

"ஒழுகற தளத்துக்கு யார் பொறுப்பு? பேர் தெரியாம நான் இங்கேருந்து எழுந்திருக்கப் போறதில்ல" என்றார் சங்கத் தலைவர் நாகமுத்து.

எழுந்தாலும் நிற்க இடமில்லை. கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த தொழிற்பேட்டைக்கு எதிரே இருந்த அந்தத் தையல் கடையில், நனையாதது அவர் உட்கார்ந்திருந்த முக்காலியும், சுவரோடு ஒட்டி நகர்த்திய மெஷின்களும்தான். தளத்தின் நட்டநடுவில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வகிடு எடுத்தாற்போல ஒரு கோடு. அது நெடுக ஐப்பசி மழை சொட்டிக்கொண்டிருந்தது.

கடையை வாடகைக்கு எடுத்திருந்த கிஃபாயத்துல்லா ஒரு காக்கிச் சட்டையை விரித்துக் காட்டினார். முதுகில் திருநீறு பூசியதுபோல் சுண்ணாம்புக் கறை.

"கம்பெனி யூனிபாரம், தலைவரே. ஒரு கட்டு திரும்பி வந்துடுச்சு. மிச்சத்தை வெள்ளிக்கிழமைக்குள்ள சுத்தமா குடுக்கலேன்னா ஆர்டர் மெட்ராஸுக்குப் போயிடும். எங்கிட்ட மூணு பேர் தைக்கறாங்க. அவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"கேட்டியாம்மா?" என்று நாகமுத்து வாசல் பக்கம் திரும்பினார்.

வாசலில் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு நின்றவள் செங்கம்மாள். நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது வந்த பணத்தில் இந்த ஒரு கடையைக் கட்டியவள். போன வருஷம்வரை நாற்று நட்டவள்தான். நாகமுத்துவின் சித்தாந்தப்படி இப்போது கட்டட முதலாளி.

"நான்தான் சரி பண்ணித் தரேன்னு சொல்லிட்டேனே" என்றாள் அவள். "மழை உட்டதும் அந்தக் கோட்டை வெட்டி அடைச்சு, மேல தட்டை ஓடு பதிக்கறோம். அதுவரைக்கும் பாய் மெஷினை எங்க ஊட்டுக் கூடத்துல போட்டுக்கட்டும். அங்க ஒழுகல."

கிஃபாயத்துல்லாவின் முகம் தெளிந்தது. நாகமுத்துவின் முகம் வாடியது. சண்டை போடாமல் ஒத்துக்கொள்ளும் எதிரியை அவருக்கு எப்போதுமே பிடிக்காது. இருபது வருஷமாக அவர் அடித்த துண்டறிக்கைகளில் அப்படி ஓர் ஆள் வந்ததே இல்லை.

"சரி பண்றது வேற, பொறுப்பு வேற. சிமெண்டுல கை வெச்சது யாரு? நீயா, மேஸ்திரியா?"

ஆள் அனுப்பி மேஸ்திரி அப்பாவுவையும் வரவழைத்திருந்தார். அவர் குடையோடு உள்ளே வந்தார்.

"இந்தக் கோடு இன்னாய்யா?"

"சிமெண்டெல்லாம் சரியாத்தான் போட்டோம், தலைவரே. தளம்னா ஒரே மூச்சுல கொட்டி முடிச்சுடணும். பாதியில உட்டா, காஞ்ச கலவையும் ஈரக் கலவையும் ஒட்டாது. நடுவுல தண்ணி பூந்துடும். இங்க பாதி ஒரு நாளு, மீதி மூணாம் நாளு."

நாகமுத்து எழுந்தே விட்டார். "பாதியில நிறுத்தினது யாரு?"

அப்பாவு செங்கம்மாளைப் பார்த்தார். வேண்டாம் என்பதுபோல் அவள் தலையசைத்தாள்.

"கண்ணு காட்டாதம்மா. மேஸ்திரி, நீ ஒருத்தருக்கும் பயப்பட வேணாம். பாய், எழுதிக்கோ."

கிஃபாயத்துல்லா பில் புத்தகத்தைப் புரட்டிப் பென்சிலை எடுத்தார்.

"சித்திரை மாசம்" என்றார் அப்பாவு, குடைக் காம்பைப் பார்த்துக்கொண்டே. "மத்தியானம் ரெண்டு மணி. கலவைச் சட்டி தூக்கற பொம்பளைங்களுக்கு நாலணா கூலி ஏத்துன்னு ஒருத்தர் கொடியோட வந்தாரு. கலவை காயறதுக்குள்ள கேட்டாத்தான் ஓனருங்க மடங்குவாங்கன்னு தெரிஞ்ச மனுசன். சட்டியைக் கீழ வைங்கன்னாரு. வெச்சுட்டாங்க."

பென்சில் நின்றது.

நாகமுத்து அண்ணாந்து கோட்டைப் பார்த்தார். அந்தக் கோடையில் அவர் நிறுத்திய தளங்கள் ஒன்பது. எது யாருடையது என்று அவர் கேட்டதில்லை. ஒன்பது இடத்திலும் நாலணா கிடைத்தது. காய்ந்த கலவை ஒட்டாது என்று அவர் படித்த எந்தப் பிரசுரத்திலும் போட்டிருக்கவில்லை.

"பேரு எழுதட்டுமா, தலைவரே?" என்று கிஃபாயத்துல்லா பணிவாகக் கேட்டார்.

நாகமுத்து தொண்டையைச் செருமினார். "நாலணா நியாயமான கோரிக்கை. ஓனர் அப்பவே சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கலவை காஞ்சிருக்குமா? வீம்பு பிடிச்சு மறுநாள்தானே மேஸ்திரிகிட்ட சம்மதம் சொல்லி அனுப்புனாங்க? ஆகவே பொறுப்பு ஓனர்தான். எழுது பாய்."

"அதைத்தானே தலைவரே நானும் சொல்றேன்" என்றாள் செங்கம்மாள். "தப்பு எம்பேர்லதான். அன்னிக்கி நானும் அங்கதான் இருந்தேன்."

"எங்க?"

"சட்டி தூக்கற வரிசையில. ஒரு ஆள் கூலி மிச்சம்னு, எங்க ஊட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கினு, தலையில சும்மாடு கட்டிக்கினு நின்னேன். மூஞ்சியெல்லாம் சிமெண்டு. நீங்க நேரா எங்கிட்ட வந்து, 'ஓனருக்குப் பயப்படாதம்மா, நான் இருக்கேன், கீழ வை'ன்னீங்க. வெச்சேன்."

"நீதான் ஓனர்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் நாகமுத்து. குரலில் பாதிதான் வந்தது.

"கூட நின்னதெல்லாம் எங்கூட நாத்து நட்டவங்க. அவங்க நடுவுல நின்னுக்கினு நான் ஓனர்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. சரி, நாலணா குடுத்துடலாம்னாவது சொல்லுவோம்னு வாயெடுத்தேன். ஓனர் வந்து பேசற வரைக்கும் ஒருத்தரும் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு அதட்டிட்டீங்க. சங்கம் சொன்னா கேக்கணும் இல்லியா, தலைவரே? நான் தொறக்கல."